ஆல் இன் ஒன் லேப்டாப் க்ளீனிங் கிட்: பொருள் சுமார், கூட வர்ற பேப்பர்தான் ஆபத்து

அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார் குடுத்திருக்கேன், அந்த ரெண்டும் உள்ள இருக்கற மைக்ரோஃபைபர் துணிக்கும் ரப்பர் ப்ளோயருக்கும்னு எடுத்துக்கோங்க. மத்தபடி இந்த டப்பாவுல இருக்கற பாதி சாமான் வீட்டு லேப்டாப்ப துடைக்கறதுக்கு தேவையே இல்ல, மீதி தேவைதான் ஆனா எப்படி யூஸ் பண்ணணும்னு ஒழுங்கா சொல்லாம கையில குடுத்திருக்காங்க. கிட் பேரு சொல்லல, ஏன்னா இதே செட் வேற வேற பேர்ல வேற வேற கலர் டப்பாவுல வருது, பிரிச்சு பாத்தா எல்லாத்துலயும் ஒரே சாமான்தான். ஒரு ஸ்ப்ரே பாட்டில், துணி, பிரஷ், கீ கேப் கழட்டற கம்பி, தூசிய ஒட்டி எடுக்கறதுக்கு ஒரு டப்பா ஸ்லைம், ஏர் கேன், ப்ளோயர், குட்டி ஸ்க்ரூடிரைவர் செட், சிரிஞ்ச்ல கொஞ்சம் தெர்மல் பேஸ்ட், அதாவது ப்ராசஸர் சூட்ட கடத்தற பசை. கூடவே நாலா மடிச்ச ஒரு பேப்பர், அதுல படம் படமா போட்டிருக்கான். இந்த ரிவ்யூ முக்கியமா அந்த பேப்பர பத்திதான்.

வாங்கினது என் தம்பி. வீட்ல கம்ப்யூட்டர் போன் ரிப்பேர்னா எல்லாரும் என்கிட்ட வருவாங்க, இவன் மட்டும் இந்த தடவ நானே பண்ணிக்கறேன்னு ஆர்டர் போட்டுட்டான். பேப்பர்ல முதல் படம் என்னன்னா, லேப்டாப் திறந்து இருக்கு, ஒரு கை ஸ்ப்ரே பாட்டில ஸ்க்ரீனுக்கு நேரா புடிச்சு அடிக்குது, பக்கத்துல ஒரு டிக் மார்க். அவனும் அப்படியே அடிச்சிருக்கான், துணியால துடைச்சிருக்கான், ஸ்க்ரீன் பளிச்சுன்னு ஆயிருச்சு, சந்தோஷமா மூடி வச்சுட்டான். அடுத்து திறக்கும்போது அடி ஓரத்துல இருந்து மேல வரைக்கும் மெல்லிசா கோடு கோடா நிக்குது, கீழ் மூலையில மேகம் மாதிரி ஒரு வெளுத்த திட்டு. "பேப்பர்ல போட்டிருந்தததான்க்கா செஞ்சேன்"னு அந்த பேப்பர கொண்டு வந்து காமிச்சான், பாத்தா நிஜமாவே அப்படித்தான் போட்டிருக்கு, அவன திட்ட வழியே இல்ல.

ஏன் அடி ஓரத்துல இருந்து கோடு வருதுன்னு கேட்டா, லேப்டாப் டிஸ்ப்ளே பேனல்ல படத்த ஓட்டற சின்ன சின்ன டிரைவர் சிப்பும் அதோட ஒல்லியான சர்க்யூட் போர்டும் பெரும்பாலும் கீழ் ஓரத்துலதான், ஸ்க்ரீன சுத்தி இருக்கற கறுப்பு சட்டம், பெசல்னு சொல்லுவாங்க, அதுக்கு பின்னாடி, மடிஞ்சு உக்காந்திருக்கும். ஸ்க்ரீன் நேரா நிக்கும்போது மேல அடிச்ச தண்ணி எங்க போகும், கீழதான் வழியும். கண்ணாடிக்கும் பெசலுக்கும் நடுவுல இருக்கற இடுக்குல ஒரு சொட்டு இறங்கினா போதும், அது நேரா அந்த சிப் லைன்லதான் போய் நிக்கும். ஒவ்வொரு சிப்பும் மேல இருந்து கீழ ஓடற பல நூறு புள்ளி வரிசைய பாத்துக்குது, அங்க ஷார்ட் ஆச்சுன்னா மேல இருந்து கீழ வரைக்கும் கோடு. அந்த வெளுத்த திட்டு வேற கதை, அது பேனலுக்கு பின்னாடி இருந்து வெளிச்சம் குடுக்கற பேக்லைட் ஷீட்டுங்களுக்கு நடுவுல தண்ணி ஊறினது, காஞ்சாலும் கறை நிக்கும். ரெண்டுமே துடைச்சு சரி பண்ற விஷயம் இல்ல. சர்வீஸ்ல காமிச்சப்ப பேனல மாத்தணும்னுட்டாங்க, அது எதிர்பாத்ததுதான்.

இத்தனைக்கும் லேப்டாப் கம்பெனிங்க எல்லாம் இத பல வருஷமா சொல்லிட்டுதான் இருக்காங்க. ஆப்பிள் அவங்க சப்போர்ட் பக்கத்துல க்ளீனர நேரா பொருள் மேல அடிக்காதீங்க, துணியில நனைச்சு துடைங்கன்னு எழுதி வச்சிருக்காங்க, டெல் எச்பி லெனோவோ யாரு கைடு எடுத்தாலும் இந்த ஒரு வரி இருக்கும். அப்படி இருக்கும்போது க்ளீனிங்குக்குன்னே கிட் விக்கறவன் அதுக்கு நேர் எதிரா படம் போடறான்னா, அவன் ஒரு லேப்டாப்பையாவது துடைச்சு பாத்திருப்பானான்னே சந்தேகமா இருக்கு. டிவிக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் போட்ட படத்த எடுத்து இதுல ஒட்டிட்டானோ என்னவோ.

அந்த ஸ்ப்ரேக்குள்ள என்ன இருக்குன்னும் பாட்டில்ல போடல. "ஸ்க்ரீன் க்ளீனர், ஆன்டி ஸ்டாட்டிக்"னு மட்டும் இருக்கு. மோந்து பாத்தா லேசா ஆல்கஹால் வாசன, கொஞ்சம் சென்ட். இது சின்ன விஷயம் இல்ல, ஏன்னா எந்த கெமிக்கல்ங்கறத பொறுத்துதான் அது பட்ட இடம் பொழைக்குமா இல்லையாங்கறது. ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கற நீல கலர் தண்ணியில பல பிராண்டுல அம்மோனியா இருக்கும், அது ஸ்க்ரீன் மேல வெளிச்சம் எதிரொளிக்காம இருக்க போட்ட ஆன்டி ரிஃப்ளெக்டிவ் கோட்டிங்க அரிச்சு திட்டு திட்டா ஆக்கிரும், ஒரு தடவையில தெரியாது, தொடர்ந்து பண்ணினா தெரியும். அசிட்டோன், அதாவது நெயில் பாலிஷ் ரிமூவர் சிலதுல இருக்குமே அது, பிளாஸ்டிக் பாடியையே இளக்கிரும், கீ மேல பட்டா எழுத்தும் போயிரும். ப்ளீச், ஹைட்ரஜன் பெராக்சைடு ரெண்டையும் ஆப்பிள் வேண்டவே வேண்டாம்னு சொல்லுது. 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வைப்ஸால கீபோர்டு, வெளி பாடி மாதிரி கெட்டியான இடத்துல லேசா துடைக்கலாம்னு சொல்றாங்க. நானோ டெக்ஸ்ச்சர் கிளாஸ் இருக்கற மாடலுக்கு அதுக்குன்னு கூடவே ஒரு துணி தருவாங்க, அதத்தான் யூஸ் பண்ணணும், ஏன்னா அந்த கண்ணாடியோட மேற்பரப்பே நுணுக்கமா செதுக்கினது, கண்ட துணியும் போட்டு தேய்க்க முடியாது.

சரி அப்ப ஸ்க்ரீன எப்படிதான் துடைக்கறதுன்னா, ஷட் டவுன் பண்ணுங்க, சார்ஜர் கழட்டுங்க, முதல்ல காஞ்ச துணியால மேல இருக்கற தூசிய அழுத்தாம தட்டி எடுங்க, தூசியோட தேய்ச்சா அதுதான் கீறும். அப்புறம் துணியோட ஒரு மூலைய டிஸ்டில்ட் வாட்டர்ல லேசா ஈரம் பண்ணி, புழிஞ்சா ஒரு சொட்டு கூட வராத அளவுக்குன்னு வச்சுக்கோங்க, மேல இருந்து கீழ துடைச்சு, கீழ் ஓரம் வர்றதுக்கு ஒரு விரல் அளவு முன்னாடியே நிறுத்திட்டு அந்த ஓரத்த காஞ்ச பக்கத்தால முடிங்க. துடைக்கும்போது இன்னொரு கையால மூடிய பின்னாடி இருந்து தாங்கிக்கணும், இல்லன்னா அந்த அழுத்தம் எல்லாம் ஹிஞ்சுக்கும் பேனலுக்கும் போகும். இப்ப வர்ற ஸ்க்ரீன் எல்லாம் அப்பளம் கணக்கா இருக்கு, கட்டை விரலால அழுத்தி ஒரு கறைய தேய்ச்சு உள்ள விரிசல் விட்ட கேஸ் நானே பாத்திருக்கேன். டிஷ்யூ பேப்பர், பனியன் துணி எதுவும் வேண்டாம். இந்த கிட்ல வர்ற துணி அதுக்கு நல்லாவே இருக்கு, ஓரம் தைச்சு நூல் பிரியாம, தூசிய நல்லா புடிக்குது, அத மட்டும் தனியா வித்தா நாலு ஸ்டார் போட்டிருப்பேன்.

அடுத்து ஏர் கேன். இதுக்குள்ள காத்து இருக்குன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, கிடையாது, அழுத்தத்துல திரவமா அடைச்சு வச்ச கேஸ். பெரும்பாலும் டைஃப்ளூரோஈத்தேன், சிலதுல டெட்ராஃப்ளூரோஈத்தேன். ரெண்டுமே கொதிக்கற வெப்பநிலை மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் பக்கம், அதனால கேன நிமித்தி புடிச்சு அடிச்சா கேஸ் வரும், சாய்ச்சு இல்ல தலைகீழா புடிச்சு அடிச்சா திரவமாவே பீச்சும், பட்ட இடம் வெள்ளையா உறைஞ்சு போகும். கீபோர்டு பிளாஸ்டிக்கோ ஸ்க்ரீனோ அந்த திடீர் குளிர தாங்காம விரிசல் விடலாம், குளிர்ந்த இடத்துல காத்துல இருக்கற ஈரம் வந்து தண்ணியாவும் படியும், கையில பட்டா புண்ணாயிரும். டைஃப்ளூரோஈத்தேன் தீ புடிக்கற கேஸ் வேற, ஓடிட்டு இருக்கற சூடான லேப்டாப் மேல மூடின ரூம்ல உக்காந்து அடிக்கற வேலையே வேண்டாம். கேன் மேல தீ சின்னம் பொடிசா போட்டிருக்கு, பேப்பர்ல ஒரு வார்த்த இல்ல. பேப்பர் படத்துல கேன சாய்ச்சுதான் புடிச்சிருக்கான், அது வேற.

ஏர் கேனால இன்னொரு சேதம் ஃபேனுக்கு. காத்து போற ஓட்டைக்கு நேரா வச்சு அழுத்தினா ஃபேன் விர்ருனு சுத்தும், கேக்க நல்லா இருக்கும், ஆனா அந்த ஃபேன் சாதாரணமா சுத்தற வேகத்த எல்லாம் தாண்டி போகும், பேரிங் தேயும், அப்புறம் ஆன் பண்ணினா கொர கொரன்னு சத்தம். மோட்டார வெளியில இருந்து சுத்தினா அது கரண்ட் உண்டாக்கும்ங்கறதும் இருக்கு, அந்த வோல்டேஜ் திரும்பி போர்டுக்கு போற வாய்ப்ப ஏன் குடுக்கணும். பின் கவர் கழட்டி இருந்தா ஃபேன் இறக்கைய ஒரு பிளாஸ்டிக் குச்சியால அசையாம புடிச்சுக்கிட்டு விட்டு விட்டு அடிக்கணும். கவர் கழட்டாம வெளியில இருந்து அடிச்சா என்ன ஆகுதுன்னா, ஃபேனுக்கும், சூட்ட வெளிய விடற ஹீட் சிங்க் தகடுக்கும் நடுவுல தூசி சேந்து கம்பளி மாதிரி ஒரு பட்டை உருவாகி இருக்கும், அது வெளிய வராது, இன்னும் உள்ள தள்ளி இறுகி உக்காந்துக்கும். சூடு முன்ன விட அதிகமாச்சேன்னு அப்புறம் குழம்புவோம். ரப்பர் ப்ளோயர்ல இந்த பயம் எதுவும் இல்ல, கையால அமுக்கற அளவு காத்துதான் வரும், கீபோர்டுக்கு அது போதும். கேமரா வச்சிருக்கவங்க வீட்ல ஏற்கனவே இருக்கும், அதையே எடுத்துக்கலாம்.

கீபோர்டுக்கு ஏர் கேன் அடிச்சே ஆகணும்னா லேப்டாப்ப சாய்ச்சு புடிக்கணும், கேன சாய்க்கக் கூடாது. 2015ல இருந்து வந்த சில மேக்புக் கீபோர்டுகளுக்கு, கீ ரொம்ப தட்டையா இருக்கற அந்த பட்டர்ஃப்ளை சமாச்சாரம், லேப்டாப்ப 75 டிகிரி கோணத்துல நிறுத்தி இடது வலமா கோடு போட்ட மாதிரி அடிச்சு, அப்புறம் ஒவ்வொரு பக்கமா திருப்பி திருப்பி அடிக்க சொல்லி ஆப்பிளே படத்தோட சொல்லி இருக்காங்க.

ஸ்லைம் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல. வீடியோல பாக்க சுகமா இருக்கு. நிஜத்துல அது ஈரமான பசை, புதுசா இருக்கும்போது ஒட்டாம வரும், வெயில்ல வச்சோ பழசாகியோ இளகிருச்சுன்னா கீயோட இடுக்குல பிஞ்சு நிக்கும், ஸ்பீக்கர் ஓட்டைக்குள்ள போச்சுன்னா அதோட சரி. கார் டேஷ்போர்டுக்கு வச்சுக்கலாம்.

கீ கேப் கழட்டற கம்பிய எதுக்கு இந்த டப்பாவுல போட்டாங்கன்னு எனக்கு இன்னும் புரியல. அது மெக்கானிக்கல் கீபோர்டுக்கு உள்ளது, அங்க கீ நேரா மேல உருவி வரும், திருப்பி அமுக்கினா உக்காந்துக்கும். லேப்டாப்ல கீக்கு அடியில கத்திரிக்கோல் மாதிரி குறுக்க போற ரெண்டு மெல்லிசு பிளாஸ்டிக் இருக்கு, அதோட கொக்கி எல்லாம் நகத்துல பாதி கூட இருக்காது, எந்த பக்கத்துல இருந்து நெம்பணும்ங்கறது மாடலுக்கு மாடல் மாறும். கம்பிய போட்டு நாலு பக்கமும் ஒரே நேரத்துல தூக்கினா கொக்கி உடையும். ஸ்பேஸ் பார், என்டர், ஷிஃப்ட் மூணுக்கும் அடியில ஒரு மெல்லிசு கம்பியும் கோத்திருக்கும், அது வளைஞ்சுருச்சுன்னா கீ ஒரு பக்கம் இறங்கி ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்கும், டைப் பண்ணவே எரிச்சலா இருக்கும். ஒரு கீதானேன்னு நினைப்போம், ஆனா இப்ப நிறைய மாடல்ல கீபோர்டு மேல் பாடியோட பிளாஸ்டிக் ரிவெட்டு அடிச்சு ஒட்டினது, கொக்கி கீ பக்கம் உடைஞ்சா கீ மட்டும் வாங்கி போட்டுக்கலாம், அடித்தட்டு பக்கம் உடைஞ்சா கீபோர்டு முழுசா, சிலதுல மேல் பாடியும் சேத்து மாத்த வேண்டி வரும். கீக்கு அடியில போனது ரொட்டி தூளா இருந்தா தலைகீழா புடிச்சு லேசா தட்டி ப்ளோயர் அடிச்சாலே பாதி வந்துரும், மீதி அங்கயே இருந்தாலும் லேப்டாப்புக்கு ஒண்ணும் ஆகாது.

இப்ப ஸ்க்ரூடிரைவர் செட். இங்கதான் எனக்கு கோவமே வருது. வெளிய துடைக்கற சாமானையும் உள்ள திறக்கற சாமானையும் ஒரே டப்பாவுல போட்டு, பேப்பர்ல மூணே மூணு படம்: ஸ்க்ரூ கழட்டு, கவர் எடு, பிரஷ் அடி. பேட்டரி பத்தி ஒரு வார்த்த இல்ல! லேப்டாப் ஷட் டவுன்ல இருந்தாலும் பேட்டரி மாட்டி இருக்கற வரைக்கும் போர்டுல சில லைன்ல கரண்ட் எப்பவும் இருக்கும், பவர் பட்டன அமுக்கினா முழிக்கறதுக்கு யாராவது உள்ள விழிச்சுட்டு இருக்கணும் இல்லையா. அதனால கவர் திறந்ததும் வேற எதையும் தொடாம முதல் வேலை பேட்டரி கனெக்டர கழட்டறது, அதுவும் வயர புடிச்சு இழுக்காம கனெக்டர புடிச்சு. லெனோவோவோட சில திங்க்பேட் மாடல்ல பயாஸ், அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே திறக்கற செட்டிங்குக்குள்ளயே உள் பேட்டரிய ஆஃப் பண்ற ஆப்ஷன் இருக்கு, அத பண்ணிட்டு திறக்கறது இன்னும் நல்லது. பேட்டரி மாட்டி இருக்கும்போது இரும்பு ஸ்க்ரூடிரைவர் ஒரு தடவ வழுக்கினா போர்டுல ரெண்டு புள்ளிய சேத்து ஷார்ட் பண்ணிரும். டிஸ்ப்ளே கேபிள அப்படியே கழட்டி மாட்டினா பேக்லைட் ஃப்யூஸ் போயிரலாம், ஏன்னா பேக்லைட்டுக்கு போற வோல்டேஜ் மத்த சிக்னல விட பல மடங்கு, அது பக்கத்து பின்ல ஒரு நொடி பட்டாலும் போச்சு, படம் இருக்கும் வெளிச்சம் இருக்காது. அதே ஸ்க்ரூடிரைவர் பேட்டரிய குத்திச்சுன்னா ஃபேனும் ஸ்க்ரீனும் எல்லாம் அப்புறம், புகையும் நெருப்பும்தான். பேட்டரி உப்பி இருந்தா அன்னைக்கு க்ளீனிங்கே கிடையாது, மூடி வச்சுட்டு சர்வீஸுக்கு எடுத்துட்டு போங்க.

ஸ்க்ரூடிரைவரோட தரமும் சொல்லணும். முனை மெத்து இரும்பு, கொஞ்சம் இறுகின ஸ்க்ரூவுல போட்டா ஸ்க்ரூ தலைய தேய்ச்சு உருண்டையாக்கிருது, அப்புறம் அத எடுக்க தனி பாடு. லேப்டாப் அடி கவர்ல ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம் இருக்காது, பின்னாடி ஹிஞ்ச் பக்கம் நீளமாவும் முன்னாடி கை வைக்கற பக்கம் குட்டையாவும் இருக்கும், மாத்தி நீளமானத முன்னாடி போட்டு திருகினா மேல் பாடியில உள்ள இருந்து புடைச்சுட்டு வரும், இல்ல போர்டுல ஏறும். ஒரு அட்டையில லேப்டாப் வரைஞ்சு எந்த ஸ்க்ரூ எங்க இருந்து வந்துச்சோ அங்கயே குத்தி வச்சுக்கோங்க, நான் எப்பவும் அப்படித்தான். சில ஸ்க்ரூ ரப்பர் காலுக்கு அடியில ஒளிஞ்சு இருக்கும், எல்லாம் கழட்டியாச்சுன்னு நினைச்சு கவர இழுத்து உடைக்கறது அதனாலதான். சில மாடல்ல கீபோர்டு பக்கமா திறக்கணும், அப்ப கீபோர்டுக்கும் டச்பேடுக்கும் போற ரிப்பன் கேபிள் அடியில மாட்டி இருக்கும், வேகமா தூக்கினா கேபிள் கிழியும், இல்ல அந்த ரிப்பன புடிச்சிருக்கற குட்டி லாக் உடையும், அந்த லாக் மட்டும் தனியா கடையில கிடைக்காது.

இதெல்லாம் படிச்சு பயந்து யாரும் லேப்டாப்ப திறக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. டெல், எச்பி, லெனோவோ மூணு பேருமே பல மாடலுக்கு சர்வீஸ் மேனுவல இலவசமா போட்டிருக்காங்க, மாடல் நம்பர போட்டு தேடினா பிடிஎஃப் வரும், எந்த ஸ்க்ரூ எத்தன, எந்த கேபிள எப்படி கழட்டணும்னு படத்தோட இருக்கும். ரிப்பேர் கைடு போடற ஐஃபிக்ஸிட் வெப்சைட்லயும் நிறைய மாடலுக்கு ஒவ்வொரு ஸ்டெப்பா போட்டோ இருக்கு. அத ஒரு தடவ முழுசா படிச்சுட்டு உக்காந்தா பொறுமை இருக்கற யாரும் ஃபேன் தூசிய எடுத்துரலாம். இந்த பேப்பர்ல கீழ ஒரு வரி, "உங்க மாடலோட மேனுவல பாருங்க"ன்னு போட்டிருந்தா கூட நான் மூணு ஸ்டார் குடுத்திருப்பேன்.

தெர்மல் பேஸ்ட் சிரிஞ்ச பத்தி: ஃபேன் தூசி எடுக்க ஹீட் சிங்க்க கழட்ட வேண்டிய அவசியம் பல மாடல்ல இல்லவே இல்ல, ஃபேன் மட்டும் தனியா வந்துரும். பேஸ்ட் கையில இருக்கேன்னு கழட்டினவங்கதான் மாட்டிக்கறாங்க. ப்ராசஸர் மேல இருக்கறது பேஸ்ட், பக்கத்துல மெமரி சிப், பவர் சிப் மேல இருக்கறது தெர்மல் பேட், சூடு கடத்தற மெத்துன்னு ஒரு ஷீட், அது ஒரு குறிப்பிட்ட தடிமன்ல இருக்கும், கிழிஞ்சா அதே தடிமன்ல போடணும், அதுக்கு பதிலா பேஸ்ட அப்பினா இடைவெளி நிரம்பாது. சில கேமிங் லேப்டாப்ல பேஸ்டுக்கு பதிலா லிக்விட் மெட்டல், அதாவது திரவமா இருக்கற உலோகம் போட்டிருப்பாங்க, அசூஸ் ராக் வரிசையில 2020ல இருந்து வர்ற பல மாடல்ல அது இருக்கு, அது கரண்ட் கடத்தும், போர்டுல ஒரு துளி உருண்டு போச்சுன்னா ஷார்ட். அதுல இருக்கற காலியம் அலுமினியத்த அரிக்கவும் செய்யும். அந்த மாதிரி மெஷின இந்த கிட்ட வச்சுக்கிட்டு திறக்கவே திறக்காதீங்க.

பிரஷ் ஓகே. முடி கொட்டல. சார்ஜிங் போர்ட் சுத்தம் பண்ண ஒரு இரும்பு ஊசி மாதிரி ஒண்ணு வச்சிருக்கான், அத நான் எடுத்து தனியா வச்சுட்டேன், யூஎஸ்பி சி போர்ட்டுக்கு நடுவுல இருக்கற நாக்கு ரொம்ப மெல்லிசு, இரும்பு வச்சு நோண்டினா அது உடையும், இல்ல பின் வளையும். பல் குத்தற மரக்குச்சியே மேல், அதுவும் ஆஃப் பண்ணிட்டு.

ஏற்கனவே தண்ணி உள்ள போயிருச்சுன்னு சந்தேகமா? பவர் பட்டன அழுத்தி புடிச்சு உடனே ஆஃப் பண்ணுங்க, சேவ் பண்ணாத ஃபைல பத்தி எல்லாம் யோசிக்காதீங்க. சார்ஜர எடுங்க. பேட்டரி கழட்டற மாதிரி இருந்தா கழட்டுங்க. கீபோர்டுல ஊத்திருந்தா கூடாரம் மாதிரி கவுத்து வைங்க, ஸ்க்ரீன்ல அடிச்சதா இருந்தா அந்த தண்ணி கீழ் ஓரத்துலதான் நிக்கும், அதனால ஸ்க்ரீனோட மேல் ஓரம் கீழ வர்ற மாதிரி வைக்காதீங்க, அங்க இருந்து பேனல் முழுக்க ஓடும், துடைக்க முடிஞ்சத ஓரத்துல ஒத்தி எடுத்துட்டு அப்படியே விடுங்க. அரிசிக்குள்ள புதைக்கறது வேண்டாம், அது உள்ள இருக்கற ஈரத்த இழுக்காது, தூசியும் உமியும்தான் உள்ள போகும். ஹேர் டிரையர் சூட்டுல வைக்கறதும் வேண்டாம், கீ வளையும், தண்ணி இன்னும் உள்ள தள்ளப்படும். முக்கியமா வேலை செய்யுதான்னு பாக்க ஆன் பண்ணி பண்ணி பாக்காதீங்க. ஈரமும் கரண்டும் சேந்தா செம்பு ரொம்ப சீக்கிரமா அரிச்சு பச்சை வெள்ளையா பூக்கும், ஈரம் மட்டும் இருந்தா காப்பாத்த நேரம் இருக்கு. சர்வீஸ்ல போர்ட ஆல்கஹால்ல இல்ல அல்ட்ராசோனிக் டப்புல கழுவி எடுப்பாங்க, சீக்கிரம் குடுத்தா பொழைக்க வாய்ப்பு அதிகம்.

வாரன்டி விஷயம். பொதுவா கம்பெனி குடுக்கற சாதா வாரன்டியில திரவம் பட்ட சேதம் வராது, உள்ள சில இடத்துல வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி இருப்பாங்க, தண்ணி பட்டா சிவப்பா மாறிரும், அத பாத்தாலே கண்டுபுடிச்சிருவாங்க. ஆக்சிடென்டல் டேமேஜ் ப்ளான்னு தனியா காசு கட்டி எடுத்திருந்தா மட்டும்தான் பேச இடம் இருக்கு. தம்பி எடுக்கல. கிட் வித்தவங்களுக்கு போட்டோவோட எழுதினேன், பேப்பரையும் படம் எடுத்து போட்டேன். "மேடம், எங்க ப்ராடக்ட் வெளிப்புற உபயோகத்துக்கு மட்டும், டப்பாவுல போட்டிருக்கு"ன்னு பதில் வந்துச்சு. தேடி பாத்தா டப்பா அடியில பார்கோடு பக்கத்துல பொடி எழுத்துல நிஜமாவே இருக்கு. ஸ்க்ரீன் வெளிப்புறம்தானே, அதுல அடிக்க சொல்லிதானே படம் போட்டீங்க, அப்புறம் வெளிப்புறத்துக்கு மட்டும்னா ஸ்க்ரூடிரைவர் எதுக்கு தெர்மல் பேஸ்ட் எதுக்குன்னு திருப்பி கேட்டேன், அதுக்கு அடுத்த தடவை வாங்கறப்ப தள்ளுபடி கூப்பன் அனுப்பறோம்னாங்க. வேண்டாம்னுட்டேன்.

யாரு வாங்கலாம்னு கேட்டா, ஏற்கனவே லேப்டாப் திறந்து பழக்கம் இருக்கவங்களுக்கு இந்த ஸ்க்ரூடிரைவர் புடிக்காது, பழக்கம் இல்லாதவங்களுக்கு இந்த டப்பா ஆகாது. ஒரு நல்ல மைக்ரோஃபைபர் துணி, ஒரு ப்ளோயர், ஒரு மெத்துன்னு பிரஷ், டிஸ்டில்ட் வாட்டர் ஒரு சின்ன பாட்டில், இத தனித்தனியா வாங்கிக்கோங்க. ஏற்கனவே வாங்கி வீட்ல இருந்தா ஸ்ப்ரேய துணியில மட்டும் அடிங்க, அதையும் ஸ்க்ரீனுக்கு யூஸ் பண்ணாம மேசைக்கு வச்சுக்கோங்க, பேப்பர கிழிச்சு போட்டுருங்க, வீட்ல வேற யாராவது எடுத்து பாத்து செஞ்சுர போறாங்க.

மேக்புக் வச்சிருக்கவங்களுக்கு கடைசியா ரெண்டு விஷயம். விளம்பரத்துல மேக்புக் படம் போட்டிருக்கான், ஆனா அடி கவர் ஸ்க்ரூ அதுல பெரும்பாலும் அஞ்சு இதழ் தலை, பென்டலோப்னு சொல்லுவாங்க, அந்த முனை இந்த செட்ல இல்ல, ஆறு முனை டார்க்ஸ அதுல திணிச்சு திருகினா தலை போயிரும். அப்புறம் புது மேக்புக்ல ஷட் டவுன் பண்ணி இருந்தாலும் மூடிய திறந்தாலோ ஒரு கீய அமுக்கினாலோ தானா ஆன் ஆயிரும், கீபோர்ட துடைக்கும்போது அது முழிச்சுட்டு இருக்குன்னே நினைச்சுக்கிட்டு துணியில ஈரம் கம்மியா வச்சுக்கோங்க.